மூன்று மணிக்குக் கைமாறும் இரைச்சல்

எங்கள் வீடு லண்டனின் மேற்கே ஹவுன்ஸ்லோவில், ஹீத்ரோ விமான நிலையத்தின் தெற்கு ஓடுபாதைக்குக் கிழக்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தரையிறங்கும் விமானங்கள் 3 பாகைச் சரிவில் வருவதால், எங்கள் கூரையைக் கடக்கும்போது அவை 220 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போது பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டு, விமானம் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. இந்தப் பழக்கம் தெரியாத என் அம்மா, சென்னைப் பம்மலிலிருந்து பேசும்போது இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்துத் தொலைபேசியை வைத்துவிடுவார். அவரும் விமான நிலையத்துக்கு அருகில் வாழ்பவர்தான் என்றாலும், ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு விமானம் என்ற கணக்கு அங்கே இல்லை.

சென்ற சனிக்கிழமை பிற்பகல் தோட்டத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து இடைவிடாமல் வந்துகொண்டிருந்த விமானங்கள், 3 மணியைக் கடந்த சில நிமிடங்களில் நின்றுபோயின. வானத்தில் வரத்து குறைந்துவிடவில்லை. வடக்கே பார்த்தால் அதே இடைவெளியில் அதே விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. இதுவரை எங்கள் தலைக்கு மேல் இருந்த வரிசை 1.4 கிலோமீட்டர் தள்ளி, கிரான்ஃபோர்டு பக்கத்து வீடுகளின் தலைக்கு மேல் போய்விட்டிருந்தது. அடுத்த வாரம் இது தலைகீழாகும்: காலையில் எங்களுக்கு அமைதி, 3 மணிக்கு மேல் இரைச்சல்.

வெளியூர் நண்பர்களுக்கு இதைச் சொன்னால் நம்புவதில்லை என்பதால் சற்று விளக்குகிறேன். ஹீத்ரோவில் கிழக்கு மேற்காக இரண்டு இணை ஓடுபாதைகள் உண்டு. ஆண்டில் ஏறக்குறைய 70 விழுக்காடு நேரம் விமானங்கள் கிழக்கிலிருந்து, அதாவது லண்டன் நகரத்தின் மேலாக வந்து, மேற்கு நோக்கி இறங்குகின்றன. அந்த நாள்களில் ஓர் ஓடுபாதை இறங்குவதற்கும் மற்றொன்று ஏறுவதற்கும் பயன்படும். பிற்பகல் 3 மணிக்கு இரண்டும் பணியை மாற்றிக்கொள்ளும். வாரம் பிறந்ததும் முறையும் மாறும். காலை 6 மணி முதல் 7 மணி வரை மட்டும் இரண்டிலும் இறங்கலாம் என்பதால் அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் விடுதலை இல்லை. ஆண்டு முழுவதற்குமான இந்த முறை அட்டவணையை விமான நிலையமே வெளியிடுகிறது. எங்கள் தெருவில் சில வீடுகளில் அது நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும். குழந்தையைத் தூங்கவைப்பது, இரவு வேலை முடித்து வந்தவர் படுப்பது, விருந்தாளிகளைத் தோட்டத்துக்கு அழைப்பது எல்லாம் அதைப் பார்த்தே முடிவாகின்றன.

நான் வேலைபார்ப்பது ஒலி அளவீடு செய்து அறிக்கை தரும் ஒரு சிறிய நிறுவனத்தில். நிலையான கருவிகள் இல்லாத இடங்களில், குடியிருப்போர் கேட்கும்போது, அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் கருவியைச் சில வாரங்கள் வைத்துவிட்டு எடுத்துவருவது என் வேலையில் ஒரு பகுதி. அப்படித்தான் கிரான்ஃபோர்டில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையின் அறிமுகம் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் கணிதம் கற்பித்தவர். இங்கே மகன் குடும்பத்தோடு வாழ்கிறார். நான் அவரை டீச்சர் என்பேன், அவருக்கு நான் தம்பி. அவர் வீடு வடக்கு ஓடுபாதையின் முனையிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், அங்கே விமானங்கள் 120 மீட்டர் உயரத்தில் பறக்கின்றன. சக்கரங்களின் எண்ணிக்கையைத் தரையிலிருந்தே எண்ணிவிடலாம்.

கருவி என்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. முக்காலியின் மேல் ஒரு கம்பம், அதன் உச்சியில் விரல் நீள ஒலிவாங்கி, அதன்மேல் காற்றின் உரசலைத் தடுக்கக் கறுப்புப் பஞ்சுப் பந்து, பறவைகள் உட்காராமலிருக்கச் சில கம்பி முட்கள், கீழே மின்கலமும் பதிவியும் கொண்ட பூட்டிய பெட்டி. வைப்பதற்கு முன்னும் எடுப்பதற்கு முன்னும் ஒலிவாங்கியின் தலையில் ஒரு சிறிய உருளையைப் பொருத்துவோம். அது 1000 ஹெர்ட்ஸில் சரியாக 94 டெசிபெல் ஒலியை எழுப்பும். கருவியும் 94 என்று காட்டினால்தான் இடைப்பட்ட நாள்களின் பதிவு செல்லும். அந்தக் கீச்சொலியைக் கேட்டு டீச்சரின் பேரன் காதைப் பொத்திக்கொண்டு ஓடினான்.

அதன்பின் கருவி ஒவ்வொரு வினாடியும் அளந்துகொண்டிருக்கும். சுற்றுப்புற ஒலி ஒரு வரம்பைத் தாண்டி, குறைந்தது சில வினாடிகள் அங்கேயே நின்று, பிறகு இறங்கினால் அதை ஒரு நிகழ்வு என்று குறித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அந்த இடத்தின் மேல் எந்த விமானம் சென்றது என்பதை ராடார் பதிவோடு ஒப்பிட்டுப் பொருத்துவது அடுத்த வேலை. பொருந்தாதவை குப்பை லாரி, பக்கத்து வீட்டு நாய், புல்வெட்டும் இயந்திரம் என்று கழிக்கப்படும். பலத்த காற்று வீசிய மணிகளையும் ஒதுக்கிவிடுவோம். எஞ்சுபவை விமான நிகழ்வுகள். ஒவ்வொன்றுக்கும் உச்ச அளவு ஒன்றும், மொத்த ஒலியாற்றலைக் குறிக்கும் அளவு ஒன்றும் கிடைக்கும். இதுவரை எல்லாம் நேர்மையான வேலை; குறைசொல்ல அதிகம் இல்லை. இந்த ஆயிரக்கணக்கான நிகழ்வுகளை ஒரே எண்ணாகச் சுருக்கும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் அதிகாரபூர்வமான பகல் அளவு என்பது, ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரையிலான 92 நாள்களில், காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரை உள்ள 16 மணி நேரத்தின் ஒலியாற்றல் சராசரி. ஒலியாற்றல் இரட்டித்தால் டெசிபெல் கணக்கில் 3 மட்டுமே கூடும். விமானங்களின் எண்ணிக்கை இரண்டு மடங்கானாலும், ஒவ்வொன்றும் 3 டெசிபெல் அமைதியாகிவிட்டால் சராசரி அசையாது. ஒரு விமானம் மற்றதைவிட 20 டெசிபெல் சத்தமானது என்றால், அந்த ஒன்று 100 சாதாரண விமானங்களுக்குச் சமம். காலையில் ஒரு கான்கார்டு மீயொலி விமானம் காதைக் கிழித்துவிட்டுப் போய், பிறகு நாள் முழுதும் அமைதியாக இருந்த காலமும், ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்றாக நடுத்தர இரைச்சல் வந்துகொண்டே இருக்கும் காலமும் இந்த எண்ணில் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியக்கூடும். அவ்விரண்டில் எதனோடு வாழ்வது கடினம் என்று கேட்டால், எங்கள் தெருவில் கான்கார்டை நினைவு வைத்திருக்கும் பெரியவர்கள் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

இதைவிட எனக்கு உறுத்துவது 3 மணியின் கணக்கு. நாள் முழுவதும் இறங்கிய விமானங்களை அரை நாளாகக் குறைத்தால் ஒலியாற்றல் பாதியாகிறது; சராசரியில் அது 3 டெசிபெல் குறைவு. அடுத்தடுத்துக் கேட்கும் இரு ஒலிகளில் 3 டெசிபெல் வித்தியாசத்தைக் காது கண்டுபிடிக்கும், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. இரைச்சல் பாதியாகிவிட்டதாகத் தோன்றச் சுமார் 10 டெசிபெல் குறைய வேண்டும். ஆக, இங்கே ஒவ்வொரு குடும்பமும் தன் நாளைக் கட்டியெழுப்பும் ஆதாரமாகிய அந்த அரை நாள் அமைதி, அதிகாரபூர்வ எண்ணில் கவனிக்கத்தக்க எதுவாகவும் பதிவாவதில்லை.

டீச்சருக்கு முதல் வார முடிவை அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டியபோது, மூக்குக்கண்ணாடியை இறக்கி இரண்டு முறை பார்த்தார். “தம்பி, உங்கட மெசின் 16 மணித்தியாலத்தையும் ஒரு இலக்கமாக்கிப் போட்டுது. நான் எந்த மணித்தியாலத்திலை கண்ணயரலாம் எண்டு அந்த இலக்கத்திலை இருக்கோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். உள்ளே போய் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தக் கொப்பியில், கருவி இருந்த நாள்கள் முழுவதும் தாம் விழித்திருந்த நேரங்களில் கடந்த விமானங்களை அவர் தமிழில் குறித்திருந்தார். நேரம், பக்கத்தில் ஒரு குறி. ஒற்றைக் கோடு என்றால் பொறுக்கலாம். இரட்டைக் கோடு என்றால் தொலைக்காட்சி கேட்கவில்லை. நட்சத்திரம் என்றால் திடுக்கிட்டுவிட்டார் அல்லது விழித்துவிட்டார். கருவியின் பதிவோடு வரிவரியாக ஒப்பிட்டேன். அவருடைய சுவர்க்கடிகாரம் ஒரு நிமிடம் முந்தி ஓடுகிறது என்பதைத் தவிரப் பிழை அதிகம் இல்லை. இரட்டைக் கோடுகள் எதிர்பார்த்தபடியே உச்ச அளவு கூடிய பெரிய விமானங்களோடு பொருந்தின. நட்சத்திரங்கள் அப்படிப் பொருந்தவில்லை. அவை பெரும்பாலும் அதிகாலையின் முதல் விமானத்துக்கும், முறை மாறியதும் வந்த முதல் விமானத்துக்கும் விழுந்திருந்தன. அந்த விமானங்கள் மற்றவற்றைவிடச் சத்தமானவை அல்ல. நீண்ட அமைதிக்குப்பின் வந்தவை, அவ்வளவுதான். ஒரு வீட்டு ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு விதி எழுத முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் இந்தத் துறையில் இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த பல வரைபடங்களைவிட அது எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

ஒற்றை எண்ணின் குறை வல்லுநர்களுக்குத் தெரியாததும் அல்ல. 1963-இல் வெளிவந்த வில்சன் குழு அறிக்கை, இரைச்சலின் அளவையும் விமானங்களின் எண்ணிக்கையையும் சேர்த்த ஒரு குறியீட்டை முன்வைத்தது. 1990-இல் அதற்குப் பதிலாக இன்றைய ஆற்றல் சராசரி வந்தது. தொந்தரவு தொடங்கும் எல்லையாக நெடுநாள் 57 டெசிபெல் கொள்ளப்பட்டது. 2014-இல் எடுத்த மக்கள் கருத்துக் கணிப்பில், 1980-களின் தொடக்கத்தில் 57-இல் எத்தனை பங்கினர் கடுமையாக எரிச்சலடைந்தார்களோ, அத்தனை பங்கினர் இப்போது 54-இலேயே எரிச்சலடைகிறார்கள் என்று தெரியவந்தது. மக்களின் காது கூர்மையாகிவிட்டது என்று சிலர் இதை விளக்குவதுண்டு. விமானங்கள் பெருகியதைச் சராசரி மறைத்துவிட்டது, காது மறைக்கவில்லை என்பது என் விளக்கம். உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் தன் ஐரோப்பிய வழிகாட்டியில், மாலைக்கும் இரவுக்கும் கூடுதல் எடை தரும் வேறொரு சராசரியின்படி, விமான இரைச்சலுக்கு 45 டெசிபெல்லைப் பரிந்துரைத்தது. பெருநகரத்தில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் யாரும் அதை எட்ட முடியாது.

ஆஸ்திரேலியர்கள் வேறு வழியில் போனார்கள். 1994 நவம்பரில் சிட்னியில் மூன்றாவது ஓடுபாதை திறக்கப்பட்டபோது, வரைபடத்தில் பாதிப்பே இல்லை என்று காட்டப்பட்ட பகுதிகளிலிருந்து மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நாடாளுமன்ற மேலவை விசாரித்தது. அதன் விளைவாக அங்கே ஒரு எளிய அளவு புழக்கத்துக்கு வந்தது: உங்கள் வீட்டின் மேல் ஒரு நாளில் 70 டெசிபெல்லைத் தாண்டி எத்தனை விமானங்கள் போகும்? சரியான கேள்வி, பதிலும் யாருக்கும் புரியும். இங்கிலாந்திலும் இப்போது பகலுக்கு 65, இரவுக்கு 60 என்ற எல்லைகளை வைத்து இந்த எண்ணிக்கையைத் துணை அளவாகத் தருகிறார்கள். துணை அளவு என்பதால் பெரும்பாலும் இணைப்புப் பக்கங்களில்தான் கிடக்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஹீத்ரோவில் ஏறும் விமானங்களுக்கு அரசு நிர்ணயித்த உச்ச வரம்புகள் இருக்கின்றன: பகலில் 94 டெசிபெல், இரவின் நடுப்பகுதியில் 87, அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் 89. ஓட்டம் தொடங்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 6.5 கிலோமீட்டரில் நிறுவிய நிலையான கருவிகள் இதை அளக்கும். மீறிய நிறுவனம் அபராதம் கட்டும். அந்தப் பணம் சுற்றுப்புற மக்களின் நற்பணிக்குப் போகும். இறங்கும் விமானத்துக்கு அப்படியொரு வரம்பே இல்லை. இறங்கும்போது விமானி செய்யக்கூடியது குறைவு என்பது காரணம், அதில் நியாயமும் உண்டு. தொடர்ந்து ஒரே சீராகச் சரிந்து வருவது, சக்கரத்தைத் தாமதமாக இறக்குவது போன்ற நன்னடத்தை முறைகளோடு அது நின்றுவிடுகிறது. இறங்குசரிவை 3 பாகையிலிருந்து 3.2 ஆக்கிச் சோதித்தும் பார்த்தார்கள். என் வீட்டின் மேல் அது 14 மீட்டர் கூடுதல் உயரம். கணக்குப்போட்டால் அரை டெசிபெல் ஆதாயம். பத்து கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளவர்களுக்கும் டெசிபெல்லில் அதே அரைதான் கிடைக்கும், மீட்டரில் மட்டும் 35 என்று அழகாகத் தெரியும். எங்கள் பகுதிக் கூட்டமொன்றில் இதை விளக்கிய இளைஞர் 35 மீட்டரை மட்டும் சொன்னார். டெசிபெல்லை யாரோ பின்வரிசையிலிருந்து கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

காது கண்டுபிடித்துக் கருவி தவறவிட்டதற்கு ஏர்பஸ் ஏ320-இன் ஊளை நல்ல எடுத்துக்காட்டு. ஓடுபாதைக்குப் பல கிலோமீட்டர் முன்பே, இறங்கும் ஏ320 ரக விமானங்கள் சீழ்க்கைபோல ஓர் ஒலி எழுப்புவதாக மக்கள் பல ஊர்களிலும் சொல்லிவந்தார்கள். மொத்த டெசிபெல்லில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒற்றைச் சுருதியில் நீளும் ஒலியைக் காது தனியே பிரித்தெடுத்துவிடும். இறக்கையின் அடிப்பக்கத்தில் எரிபொருள் அழுத்தத்தை வெளியேற்ற வைத்திருக்கும் வட்டத் துளைகளின் மேல் காற்று உரசிச் செல்வதுதான் காரணம். வெற்றுப் புட்டியின் வாயில் ஊதினால் எழும் அதே ஒலி. துளைக்கு முன்னால் கையளவு உலோகத் தகடொன்றைப் பொருத்தினால் போதும், ஊளை அடங்கிவிடும். லுஃப்தான்சா 2014-இல் தன் விமானங்களில் பொருத்தத் தொடங்கியது, மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இப்படியொரு மலிவான தீர்வு, தோட்டத்தில் நின்றபடி ஏதோ சீழ்க்கையடிக்கிறது என்று சொன்னவர்களை யாரோ நம்பியதால் கிடைத்தது.

விதி ஒழுங்காக எழுதப்பட்டால் விமானத்தின் வடிவமே மாறும் என்பதற்கும் ஹீத்ரோவின் இரவுதான் சான்று. 1993-இல் கொண்டுவந்த முறையின்படி ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் இரைச்சலுக்கேற்ப ஒரு புள்ளி உண்டு. 3 டெசிபெல் கூடினால் புள்ளி இரட்டிக்கும். ஒரு பருவத்துக்கு இத்தனை புள்ளி, இத்தனை விமானம் என்று இரண்டு வரம்புகள். ஆண்டுக்கு 5,800 என்பது இரவு 11.30 முதல் காலை 6 மணி வரைக்கான எண்ணிக்கை. சராசரியாக இரவுக்குப் பதினாறு, அவற்றில் பெரும்பாலானவை 4.30-க்கு மேல் வரிசைகட்டும் நெடுந்தூர விமானங்கள். ஏ380 வடிவமைக்கப்பட்டபோது, லண்டனிலிருந்து இரவில் கிளம்ப வேண்டுமென்றால் 2 புள்ளிக்குள் அடங்க வேண்டும் என்பது அதன் பொறியாளர்கள் முன்னால் வைக்கப்பட்ட தேவைகளில் ஒன்றாக இருந்தது. இதே இரவு விமானங்களை எதிர்த்து எட்டுக் குடியிருப்பாளர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்று, 2001-இல் வென்று, 2003 ஜூலையில் அதே நீதிமன்றத்தின் பேரமர்வில் முக்கிய வாதத்தில் தோற்றார்கள்.

கிரான்ஃபோர்டுக்கு இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. டீச்சர் அதை “எங்கட அக்ரிமென்ட்” என்று சொந்தம் கொண்டாடுவார், அவர் இந்த நாட்டுக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்தையது என்றாலும். 1952-இல் அங்குள்ள குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், விமான நிலைய அதிகாரி ஒருவர், கிழக்குக் காற்று வீசும்போது வடக்கு ஓடுபாதையிலிருந்து கிரான்ஃபோர்டின் மேலாக விமானங்களைக் கூடுமானவரை ஏற்ற மாட்டோம் என்று வாய்மொழியாகச் சொன்னார். எழுத்தில் கையொப்பம் எதுவும் இல்லை. அந்த வாய்ச்சொல் அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. 2009-இல் அரசு அதை முடித்துவைப்பதாக அறிவித்த பிறகும், மாற்றத்துக்கு வேண்டிய தரைப்பாதை வேலைகளுக்கு உள்ளூராட்சி மன்றம் அனுமதி மறுத்து, மேல்முறையீட்டில் 2017-இல்தான் அனுமதி கிடைத்தது. ஆனால் இந்த ஒப்பந்தம் டீச்சருக்குக் கொடுத்த அமைதி எங்கிருந்தோ எடுக்கப்பட்டதுதான். கிழக்கு நோக்கி இயங்கும் நாள்களில் ஏற்றமெல்லாம் தெற்கு ஓடுபாதையிலும் இறக்கமெல்லாம் வடக்கிலுமாக முடங்கியதால், மேற்கே வின்ட்சர் பக்கத்தவர்களுக்கு 3 மணி மாற்றம் என்ற ஒன்றே கிடைக்காமல் போனது. யாரும் இல்லாத இடமாகப் பார்த்து இரைச்சலைக் கொட்ட முடியாது என்பதால், இந்தப் பேச்சுவார்த்தைகள் எல்லாமே கடைசியில் அயலாருக்கிடையிலான பங்கீடாகவே முடிகின்றன.

கருவியின் எண்ணை மக்கள் நம்புவதா என்பது, அதைச் சொல்பவர் முன்பு என்ன சொன்னார் என்பதைப் பொறுத்தது. 2014-இல் ஹீத்ரோவில் புறப்படும் பாதைகளைக் குறுக்கிச் சோதித்தார்கள்; புகார்கள் குவிந்ததால் நவம்பரில் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் இரைச்சல் குறையவில்லை என்று தென்மேற்குப் பகுதி மக்கள் விடாமல் சொன்னார்கள். எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டு, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2014 ஜூனிலேயே ஒரு புறப்பாட்டுப் பாதையில் செய்திருந்த மாற்றத்தை விமான நிலையத்துக்கே தெரிவிக்கவில்லை என்பது வெளிப்பட்டது. அதாவது பதில் சொன்னவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. ஆனால் தோட்டத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2015-இல் தொடங்கிய சமூக இரைச்சல் மன்றத்தில் தரவுகளை வெளியார் சரிபார்க்க வேண்டுமென்று குடியிருப்போர் பிடிவாதம் பிடித்ததை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் தன் வீட்டின் மேல் பறந்த விமானத்தின் பெயர், உயரம், பாதை எல்லாவற்றையும் சற்று நேரம் கழித்துப் பார்க்கலாம்.

புகார்களின் எண்ணிக்கையை வைத்து எதையும் அளக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்துக்கு 2015-இல் வந்த 8,760 புகார்களில் 6,852 ஒரே வீட்டிலிருந்து வந்தவை. சராசரியாக நாளுக்குப் பத்தொன்பது! இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் மறுபுறத்தைப் பார்ப்பதில்லை. எங்கள் தெருவில் யாரும் புகார் எழுதி நான் பார்த்ததில்லை. பாதிப் பேர் விமான நிலையத்தில், சரக்குக் கிடங்கில், உணவு கட்டும் கூடத்தில் வேலைபார்ப்பவர்கள். சோறு போடுகிற இடத்தின்மேல் புகார் கொடுப்பதா என்ற தயக்கம் இருக்கிறது. கூட்டங்கள் வார நாள் மாலை 7 மணிக்கு நடக்கும், அது இரவு வேலைக்குக் கிளம்பும் நேரம். வருபவர்களில் பெரும்பாலோர் தொலைவிலுள்ள வசதியான பகுதிகளிலிருந்து, தயாரித்த படங்களோடு வருபவர்கள். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, அவர்கள் தூக்கமும் தூக்கம்தான். ஆனால் வரைபடத்தில் மிக அடர்ந்த நிறம் பூசிய பகுதியின் நாற்காலிகள் காலியாக இருப்பதை அறிக்கையில் யாரும் எழுதுவதில்லை. பஞ்சாபியிலும் தமிழிலும் உருதுவிலும் வீடுவீடாகப் போய்க் கேட்க வேண்டிய ஊர் இது.

குழந்தைகள் புகார் எழுதுவதே இல்லை. ஹீத்ரோ, ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட் விமான நிலையங்களைச் சுற்றி 9 முதல் 10 வயதுள்ள 2,844 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2005-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. விமான இரைச்சல் 5 டெசிபெல் கூடினால் இங்கிலாந்துக் குழந்தைகளின் வாசிப்புத் திறன் இரண்டு மாதம் பின்தங்குவதாக அது கண்டது. எங்களுக்கு அருகிலுள்ள ஒரு தொடக்கப் பள்ளியின் விளையாட்டுத் திடலில், மண்மூட்டைகளை அடுக்கிக் கட்டிய கவிகை வடிவக் குடில்கள் நிற்கின்றன; விமானம் கடக்கும்போதும் உள்ளே ஆசிரியை பேசுவது கேட்க வேண்டும் என்பதற்காகக் கட்டியவை. பார்ப்பதற்குக் குயவர் சூளைபோல அழகாகத்தான் இருக்கின்றன, திடலில் விளையாட்டு வகுப்பு நடத்த அப்படிச் சூளை தேவைப்படுகிறதே என்று நினைத்தால் மட்டும் தொண்டை அடைக்கும்.

டீச்சர் வீட்டு அளவீடு முடிந்ததும், வழக்கமான அறிக்கையோடு நான் ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்த்தேன். அதில் சராசரி இல்லை. நாளின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கட்டம், அந்த மணியில் 65 டெசிபெல்லைத் தாண்டிய விமானங்களின் எண்ணிக்கை, எங்கே தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அமைதி இருந்ததோ அங்கே பச்சை நிறம். அறிக்கையைக் கேட்டிருந்த தரப்பு அந்தப் பக்கத்தைக் கடைசி இணைப்புக்குத் தள்ளிவிட்டது. முதல் பக்கத்தில் வழக்கம்போல ஒற்றை எண் நின்றது. டீச்சரோ முதல் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கடைசித் தாளை மட்டும் கிழித்தெடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின்மேல் ஒட்டிக்கொண்டார். ஓரத்தில் பென்சிலால் “கிழக்குக் காற்று எண்டால் பொருந்தாது” என்று எழுதியும் வைத்திருக்கிறார்.

இந்த வாரம் காலை முறை அவர்களுடையது. இன்று வீட்டிலிருந்தே வேலை செய்ததால், ஜன்னலைத் திறந்து வைத்து இதை எழுதிக்கொண்டிருந்தேன். 3 மணி 4 நிமிடத்துக்கு வாட்ஸ்அப்பில் டீச்சரின் செய்தி வந்தது: “அனுப்பிப் போட்டன் தம்பி, வாங்கிக்கொள்ளுங்கோ.” எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.